வளவு வேறு, கிணறு ஒன்று: சி நிரலுக்குள் பல ஸ்கிரிப்ட் இன்டர்பிரிட்டர்களை வைத்திருக்க எது பொருத்தம்?

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் வளவைப் பிரித்து எழுதிவிட்டு, கிணற்றில் மட்டும் இன்னாருக்கு இத்தனை பங்கு என்று எழுதுவது வழக்கம். வேலி அடைக்கலாம், படலை வைக்கலாம். கிணற்றை வெட்டிப் பிரிக்க முடியாது. ஒரு சி நிரலுக்குள் பல இன்டர்பிரிட்டர்களை, அதாவது ஸ்கிரிப்டை வாசித்து ஓட்டுகிற இயந்திரங்களை, ஓட விடுகிறவர்களின் நிலையும் இதுதான். ஒவ்வொன்றுக்கும் தன் மாறிகள், தன் ஃபங்ஷன்கள், தன் குப்பை சேகரிப்பு (பாவித்து முடிந்த நினைவகத்தை மீட்பது). ஆனால் புரோசஸ், அதாவது இயங்குதளம் ஓட்டுகிற நிரல், ஒன்று. நினைவகம், திறந்த கோப்புகள், சிக்னல்கள், நடப்புக் கோப்புறை எல்லாம் பங்குக் கிணறு. ஒருவர் கெடுத்தால் எல்லோருக்கும் கெடும்.

கதைக்க வசதியாக ஒரு உதாரணத்தை எடுப்போம். கோப்பாய், உரும்பிராய், இணுவில் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிற மோட்டர்களை ஒரு சின்ன லினக்ஸ் பலகை தொலைவில் இருந்து கவனிக்கிறது. 512 மெகாபைட் நினைவகம் கொண்ட றாஸ்பெரி பை சீரோ 2 டபிள்யூ போன்ற பலகை. தோட்டம் நாற்பது, தோட்டத்துக்கு ஒரு விதி ஸ்கிரிப்ட், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சி நிரல். ஸ்கிரிப்ட் செக்கனுக்கு ஒருக்கா எழும்பி, கிணற்று நீர்மட்டத்தையும் நீரின் உப்புத்தன்மையையும் பார்த்து, மோட்டர் ஓடலாமா நிற்க வேண்டுமா என்று சொல்லும். விதியைத் தோட்டக்காரரே மாற்றுவார், அல்லது அவருக்காக யாராவது மாற்றுவார்கள். அதனால்தான் விதி சி நிரலுக்குள் இல்லாமல் ஸ்கிரிப்டில் இருக்கிறது.

குடாநாட்டின் நன்னீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கிற நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். ஆகவே ஒரு ஸ்கிரிப்ட் முடிவில்லாத லூப்பில் மாட்டிக்கொண்டு "நிற்பாட்டு" என்று சொல்லாமல் இருந்தால், திரையில் வருகிற பிழைச்செய்தியோடு கதை முடியாது. எந்த மொழியில் எழுதுவது சுகம் என்று பார்த்து இன்டர்பிரிட்டரைத் தெரிகிறவர்கள் அதிகம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது, கழுத்தைப் பிடித்து நிறுத்தும்போது எது ஒழுங்காக நிற்கும், மூடும்போது எது ஒழுங்காக மூடும் என்பதை.

## எதை வைத்து அளப்பது

ஐந்து கேள்விகள் போதும்.

1. பிரிவு: ஒரு இன்டர்பிரிட்டரில் நடப்பது மற்றதைத் தொடுமா? உள்ளே ஒளிந்திருக்கிற பொது மாறிகள் உண்டா?
2. நினைவக எல்லை: இந்தத் தோட்டத்துக்கு இவ்வளவுதான் என்று தனித்தனியே அளந்து கொடுக்க முடியுமா? மிஞ்சினால் அந்த ஸ்கிரிப்ட் மட்டும் விழுமா, முழு நிரலும் விழுமா?
3. நேர எல்லை: லூப்பில் மாட்டியதை வெளியிலிருந்து நிறுத்த முடியுமா? நிறுத்துவதை ஸ்கிரிப்ட் பிடித்து விழுங்கிவிட முடியுமா?
4. திரெட் (ஒரே புரோசஸுக்குள் தனித்தனியே ஓடும் வேலை இழை): ஒரு இன்டர்பிரிட்டரை வேறு திரெட்டுக்கு மாற்றலாமா? இரண்டு இன்டர்பிரிட்டர்கள் உண்மையிலேயே ஒரே நேரத்தில் ஓடுமா?
5. மூடுதல்: ஒன்றை மட்டும் மூடி அதன் இடத்தில் புதியதைத் திறக்கலாமா? ஓடிக்கொண்டிருக்கும்போது மூடச் சொன்னால் என்ன நடக்கும்?

வேகத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. செக்கனுக்கு ஒருக்கா நாலு எண்களை ஒப்பிடுகிற விதிக்கு எந்த மொழியும் போதும்.

## லுவா

1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி. வேறு நிரலுக்குள் குடியிருப்பதற்கென்றே செய்யப்பட்டது. சி பக்கத்தில் எல்லாமே ஒரு 'ஸ்டேட்' (ஒரு இன்டர்பிரிட்டரின் முழு நிலை) பொயின்டரில் தொங்கும். ஒளிந்த பொது மாறிகள் இல்லை. நாற்பது முறை திறந்தால் நாற்பது தனி வளவு. அடிப்படை லைப்ரரிகளோடு ஒரு வெறும் ஸ்டேட் 64 பிட் கணினியில் ஏறத்தாழ 20 முதல் 30 கிலோபைட். தோட்டத்துக்கு 512 கிலோபைட் என்று தாராளமாக எல்லை வைத்தாலும் நாற்பதுக்கும் 20 மெகாபைட்தான்.

நினைவகம். ஸ்டேட்டைத் திறக்கிற லுவா_நியூஸ்டேட்டுக்கு நீங்கள் எழுதிய ஒதுக்கீட்டு ஃபங்ஷனைக் கொடுக்கலாம். அதில் எண்ணிக்கொண்டே வந்து எல்லை தாண்டினால் நல் (வெற்று) பொயின்டரைத் திருப்பினால் போதும். லுவா முதலில் அவசரக் குப்பை சேகரிப்பு ஒன்றைச் செய்து பார்க்கும். அதற்கும் சரிவராவிட்டால் நினைவகப் பிழையை எழுப்பும். மற்றத் தோட்டங்களுக்குத் தெரியவே வராது.

இங்கே மூன்று இடத்தில் கால் இடறும். முதலாவது, புதிய துண்டு கேட்கும்போது பழைய அளவு என்ற இடத்தில் வருவது அளவு அல்ல, பொருளின் வகையைச் சொல்லும் எண். அதைக் கழித்தால் கணக்கு மெல்ல மெல்லப் பிசகும். சில நாள் கழித்து நல்ல ஸ்கிரிப்ட் காரணமில்லாமல் விழும். இரண்டாவது, துண்டைச் சுருக்கக் கேட்கும்போது மறுக்கக்கூடாது. அது தோற்காது என்று நம்பித்தான் 5.3 வரையான லுவா எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவது, லைப்ரரிகளைத் திறக்கிற வேலையையும் பாதுகாப்பு அழைப்புக்குள், அதாவது லுவா_பீகால் வழியாகச் செய்ய வேண்டும். வெளியே செய்து அங்கே நினைவகம் போதாமல் போனால் பிழையைப் பிடிக்க ஆளில்லை. லுவா பேனிக் ஃபங்ஷனை, அதாவது பிடிபடாத பிழைக்கென்று இருக்கிற கடைசி ஃபங்ஷனை, கூப்பிடும். அது திரும்பி வந்தால் அபோர்ட், முழுப் புரோசஸும் போய்விடும்.

நேரம். குறிப்பிட்ட எண்ணிக்கையான கட்டளைகளுக்கு ஒருக்கா உங்கள் ஹுக் ஃபங்ஷனைக் கூப்பிடச் சொல்லலாம். 10,000 கட்டளைக்கு ஒரு தடவை மணிக்கூட்டைப் பார்ப்பது நல்ல தொடக்கம். தோட்டத்துக்கு 20 மில்லி செக்கன் என்று வைத்தால், நாற்பதும் எல்லையைத் தொட்டாலும் 800 மில்லி செக்கனில் ஒரு சுற்று முடியும். 50 என்று வைத்தால் 2 செக்கன். செக்கனுக்கு ஒருக்கா என்ற வாக்குப் பொய்த்துவிடும். மணிக்கூடு கட்டாயம் மொனோட்டோனிக் (நேரத்தைத் திருத்தினாலும் முன்னே பின்னே பாயாத) மணிக்கூடாக இருக்க வேண்டும். பை சீரோவில் பற்றரியோடு ஓடும் மணிக்கூட்டுச் சில்லு இல்லை. கரண்ட் போய் வந்தால் பழைய நேரத்தில் எழும்பி, இணையம் கிடைத்ததும் மணிக்கணக்கில் முன்னே பாயும்.

ஹுக் எழுதியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. அதைத் தாண்டிப் போக இத்தனை வழி உண்டு:

- ஹுக்கில் எழுப்புகிற பிழையை ஸ்கிரிப்ட் தன் பீகால் மூலம் பிடித்து, திரும்பவும் லூப்புக்குள் போகலாம். நேரம் கடந்ததும் ஹுக்கின் எண்ணிக்கையை 1 ஆக்கிவிடுங்கள். பிடித்த கையோடு ஓடுகிற அடுத்த கட்டளையிலேயே மறுபடி பிழை எழும். லூப்புக்கும் வெளியே தள்ளிக்கொண்டு போகும்.
- டீபக் லைப்ரரியைக் கொடுத்திருந்தால் ஸ்கிரிப்டே ஹுக்கைக் கழற்றலாம். அதைக் கொடுக்கவே கூடாது. ஓஎஸ், ஐஓ, பாக்கேஜ் மூன்றும் அப்படியே. ஓஎஸ்.எக்ஸிட் ஸ்கிரிப்டை முடிக்காது; நாற்பது தோட்டத்தையும் முடிக்கும்.
- ஹுக் லுவாக் கட்டளைகளுக்கு இடையில்தான் கூப்பிடப்படும். சி-யில் எழுதிய ஃபங்ஷன் ஒன்று உள்ளே இருந்து மினக்கெட்டால் ஹுக்குக்குத் தெரியாது. எழுத்துத்தொடர் தேடலில் ஒரு கெட்ட வடிவத்தைக் கொடுத்து மிக நீண்ட நேரம் சுற்ற விடலாம். மோட்டர் விதிக்கு ஃபைண்ட், மேட்ச், ஜிமேட்ச், ஜிசப் தேவையில்லை. ஸ்ட்ரிங் அட்டவணையிலிருந்தே நீக்குங்கள்.
- முன்கூட்டித் தொகுத்த பைட்கோடை ஏற்கக்கூடாது. கெட்ட எண்ணத்தோடு செய்த பைட்கோட் இன்டர்பிரிட்டரையே விழுத்தும். ஏற்றும்போது எழுத்து மட்டும் என்ற முறையைக் கொடுங்கள். ஸ்கிரிப்டின் கையில் லோட் ஃபங்ஷனையும் கொடுக்காதீர்கள்.

இவற்றைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. லுவா 5.2இலிருந்து சாதாரண அட்டவணைக்கும் ஜிசி மெட்டாமுறை வைக்கலாம். பொருள் சாகும்போது ஓடுகிற ஃபங்ஷன் அது. அந்த ஃபங்ஷன் ஓடும்போது லுவா ஹுக்குகளை நிறுத்தி வைக்கிறது. அதற்குள் முடிவில்லாத லூப் ஒன்றை எழுதினால், நீங்கள் லுவா_குளோஸ் கூப்பிடுகிற நேரத்தில் அது ஓடத் தொடங்கும். நிறுத்த ஹுக் இல்லை, ஸ்டேட் மூடாது, திரெட் திரும்பி வராது. உயிரோடு இருந்தவரை ஒழுங்காக இருந்த ஸ்கிரிப்ட் சாகும்போது வீட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. மருந்து எளிது: செட்மெட்டாடேபிளைக் கொடுக்காதீர்கள். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் ஜிசி புலம் இருக்கிறதா என்று பார்த்து மறுக்கிற உங்கள் சொந்த ஃபங்ஷனைக் கொடுங்கள்.

திரெட். ஒரு ஸ்டேட்டை ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் தொடலாம். பூட்டோடு திரெட் மாற்றுவதில் தவறில்லை. வேறு வேறு ஸ்டேட்கள் தங்கள் தங்கள் திரெட்டில் ஒரே நேரத்தில் ஓடும். லுவா_நியூதிரெட் என்ற பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது: அது கொரூட்டின் (ஒரே ஸ்டேட்டுக்குள் மாறி மாறி ஓடுகிற ஃபங்ஷன்), அதே பொது மாறிகள், அதே குப்பை சேகரிப்பு. மதில் கட்டியதாக நினைத்து உள்வீட்டில் திரை போட்ட மாதிரி. ஒரு ஸ்டேட்டின் மதிப்பை இன்னொரு தனி ஸ்டேட்டுக்கு நேரடியாக நகர்த்தவும் முடியாது. எண்ணாகவோ எழுத்தாகவோ பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

லுவாவை ஓடும்போதே மெஷின் மொழியாக்குகிற லுவாஜிட் வேகமானது. ஆனால் மெஷின் மொழியாக மாறிய பகுதியில் சாதாரணமாக ஹுக் கூப்பிடப்படாது. நேர எல்லை வேண்டியவர்கள் ஜிட்டை அணைத்துவிட்டுத்தான் பாவிக்க வேண்டும்; அணைத்தபின் அதை எடுத்த காரணத்தில் பாதி போய்விடும்.

## டிக்கிள்

1988இல் ஜோன் ஊஸ்டர்ஹவுட் பேர்க்லியில் தொடங்கிய மொழி. பழசு என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: பல இன்டர்பிரிட்டர்களை ஒரே நிரலுக்குள் வைத்திருப்பதை முறையாக யோசித்துக் கட்டியவர்கள் இவர்கள். 'பாதுகாப்பான இன்டர்பிரிட்டர்' என்ற ஒன்று மொழியிலேயே இருக்கிறது. அப்படித் திறந்தால் கோப்புத் திறத்தல், வெளி நிரல் ஓட்டுதல், சொக்கெட், வெளியேறுதல் போன்றவை மறைந்தே இருக்கும். லுவாவில் நீங்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியது இங்கே ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருக்கிறது. தேவையானதை 'அலியாஸ்' மூலம் தாய் இன்டர்பிரிட்டரில் இருந்து கொடுக்கலாம். அலியாஸ் தாயின் அதிகாரத்தில் ஓடும் என்பதை நினைவில் வையுங்கள். பிள்ளை அனுப்புகிற சொல்லைத் தாய் இவால் செய்தால், அதாவது கட்டளையாக ஓட்டினால், வேலியில் நீங்களே பொட்டு (ஓட்டை) வைத்தமாதிரி.

மூடுவதற்கும் நல்ல ஒழுங்கு உண்டு. டிக்கிள்_பிரிசேர்வ், டிக்கிள்_ரிலீஸ் என்ற சோடி. ஸ்கிரிப்டை ஓட்டுமுன் பிரிசேர்வ், முடிந்தபின் ரிலீஸ். நடுவில் யாராவது அந்த இன்டர்பிரிட்டரை நீக்கச் சொன்னால் அது "நீக்கப்பட்டது" என்று குறிக்கப்படும். நினைவகம் கடைசி ரிலீஸ் வரை இருக்கும். திரும்பி வந்ததும் நீக்கப்பட்டதா என்று கேட்டுப் பார்த்து ஒதுங்கலாம். இந்தச் சோடியை மறந்தால், பத்துத் தடவை ஓடிப் பதினோராவது தடவை செத்த நினைவகத்தைத் தொட்டு விழுகிற வகைப் பிழை வரும்.

8.5 வெளியீட்டிலிருந்து கட்டளை எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் எல்லை வைக்கலாம். எல்லை தாண்டியதை அந்த ஸ்கிரிப்ட் தன் கேட்ச்சால் பிடிக்க முடியாது. இந்த இடத்தில் லுவாவை விட மேல். ஆனால் இரண்டு குழிகள். கட்டளை எல்லை இன்டர்பிரிட்டர் பிறந்ததிலிருந்து எண்ணப்படுகிறது. செக்கனுக்கு ஒருக்கா ஓட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் அதுவரை ஓடிய எண்ணிக்கையோடு கூட்டி எல்லையைப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல பிள்ளையும் ஒருநாள் எல்லையைத் தொடும். நேர எல்லையோ "இத்தனை செக்கனுக்குள்" என்று இல்லை, "இத்தனை மணி வரை" என்ற முழு நேரம். மணிக்கூட்டுச் சில்லு இல்லாத பலகையில் நேரம் முன்னே பாய்ந்தால் அந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருப்பது வெட்டுப்படும். நேரம் பின்னே போனால் அதைவிட மோசம், எல்லை தள்ளிப்போகும். இந்தப் பலகையில் கட்டளை எல்லையை நம்பி, நேர எல்லையை இரண்டாவதாக வையுங்கள்.

பெரிய குறை நினைவகம். இன்டர்பிரிட்டருக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க வழியில்லை. நினைவகம் கிடைக்காவிட்டால் டிக்கிள் பேனிக் ஆகிப் புரோசஸையே முடிக்கும். திரெட் விதியும் கடுமை: எந்தத் திரெட்டில் பிறந்ததோ அந்தத் திரெட்டில்தான் ஓட வேண்டும், அங்கேதான் சாகவும் வேண்டும். வேலையைப் பொது வரிசையில் போட்டு, கை ஓய்ந்த திரெட் எடுத்துச் செய்கிற அமைப்பு இதற்குச் சரிவராது.

## குவிக்ஜேஎஸ்

ஃபாப்ரிஸ் பெலார்ட் 2019இல் வெளியிட்ட சிறிய ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம், சி-யில் எழுதப்பட்டது. விதி எழுதப்போகிறவர்கள் வலைப்பக்கம் செய்து பழகிய பிள்ளைகள் என்றால் இதன் கவர்ச்சி விளங்கும். 'ரன்டைம்', 'கொன்டெக்ஸ்ட்' என்று இரண்டு அடுக்கு உண்டு. ஒரே ரன்டைமின் கொன்டெக்ஸ்ட்கள் தங்களுக்குள் பொருள்களைப் பகிரும், நினைவக எல்லை ரன்டைமுக்குத்தான். எனவே தோட்டத்துக்கு ஒரு ரன்டைம் திறக்க வேண்டும்; கொன்டெக்ஸ்ட் மட்டும் திறந்து பிரித்துவிட்டோம் என்று இருக்கக்கூடாது.

நினைவக எல்லை, ஸ்டாக் எல்லை, இடைநிறுத்தும் ஃபங்ஷன் மூன்றும் கேட்டவுடன் கிடைக்கும். இடைநிறுத்தியதால் எழும் பிழையை ஸ்கிரிப்டின் டிரை-கேட்ச் பிடிக்காது. லுவாவில் ஹுக்கை 1 ஆக்கிச் செய்த வித்தை இங்கே தேவையில்லை.

மறைந்த செலவு சி பக்கத்தில். மதிப்புகள், எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை முறையில் பராமரிக்கப்படுகின்றன. கையில் எடுத்த ஒவ்வொன்றையும் நீங்கள் விட வேண்டும். ஒன்றை விட மறந்தால் ஓடும்போது ஒன்றும் தெரியாது. ரன்டைமை மூடும்போது அசேர்ட் என்ற உட்சோதனை விழுந்து முழு நிரலும் நிற்கும். ஒரு தோட்டக்காரர் விதியை மாற்றினார், பழைய ரன்டைமை மூடினோம், நாற்பது தோட்டமும் நின்றது என்ற கணக்கு. ஒவ்வொரு பிழைப் பாதையிலும் விடுவிப்புச் சரியா என்று பார்க்காமல் இதைக் களத்தில் இறக்கக்கூடாது.

பிராமிஸ் வேலைகளை, அதாவது பிறகு செய்ய என்று வரிசையில் நிற்பவற்றை, நீங்களே ஓட்ட வேண்டும் என்பதும் உண்டு. வரிசை காலியாகும்வரை ஓட்டு என்று எழுதினால், ஒன்று முடிய இன்னொன்றைச் சேர்க்கிற ஸ்கிரிப்ட் உங்களைச் சுற்றிக்கொண்டே இருக்க வைக்கும். ஒரு சுற்றுக்கு இத்தனை வேலை என்று எண்ணி நிறுத்துங்கள்.

## பைதன்

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். உயர்தரத்தில் ஐசிடி படித்த பிள்ளைக்கும் பைதன் தெரியும்.

துணை இன்டர்பிரிட்டர்கள் பைதனில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் எல்லாம், ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் ஓட விடுகிற கில் என்கிற ஒரே பூட்டைப் பகிர்ந்தன. ஒன்று லூப்பில் இருந்தால் மற்றவை அதனோடு மாறி மாறித்தான் ஓடும். 2023 ஒக்டோபரில் வந்த 3.12இலிருந்து ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பூட்டுக் கொடுக்கலாம். அதன் விலை: பழைய முறையில் தொடங்குகிற சி நீட்சிகளை அங்கே இறக்க முடியாது. கணக்கு லைப்ரரியான நம்பை போன்ற பெரிய லைப்ரரிகளை நம்பிப் பைதனைத் தெரிந்தவர்கள் இங்கே கையை விரிக்க வேண்டிவரும்.

நினைவக எல்லையை இன்டர்பிரிட்டர் வாரியாக வைக்க வசதி இல்லை. ஒவ்வொன்றும் மெகாபைட் கணக்கில் பிடிக்கும். நம்பாத ஸ்கிரிப்டை உள்ளுக்குள் கட்டிவைக்கிற வேலையைப் பைதன் தானே கைவிட்டது: அதற்கென்று இருந்த ஆர்எக்ஸெக் மொடியூல் 2.3இல் முடக்கப்பட்டு, பைதன் 3இல் நீக்கப்பட்டது. எந்தப் பொருளையும் பிடித்து அதன் வகுப்புக்கு ஏறி, அங்கிருந்து எல்லா வகுப்புகளுக்கும் இறங்கலாம். கதவைப் பூட்டினால் கூரையைப் பிரித்து வருவார்கள்.

சி எழுதுகிறவர்கள் விழுகிற இரண்டு பள்ளங்கள். ஸ்கிரிப்ட் சிஸ்.எக்ஸிட் கூப்பிட்டால் அது ஒரு பிழையாகத்தான் எழும். ஆனால் நீங்கள் பிழையை அச்சிட பைஎர்_பிரிண்ட்டைக் கூப்பிட்டால் அந்த ஃபங்ஷன் புரோசஸையே முடித்துவிடும். சிஸ்டம்எக்ஸிட் வகையா என்று முதலில் பாருங்கள். மற்றது, பைகில்ஸ்டேட்_என்ஷூர். பழைய உதாரணங்களில் எல்லாம் இருக்கும்; அது பிரதான இன்டர்பிரிட்டரை மனதில் வைத்துச் செய்தது. துணை இன்டர்பிரிட்டருக்கான கோல்பேக்கில் (பிறகு திரும்பக் கூப்பிடப்படும் ஃபங்ஷனில்) பாவித்தால் வேறொருவர் வளவுக்குள் போய் நிற்பீர்கள்.

உங்கள் சொந்த ஸ்கிரிப்டை, ஒரே ஒரு இன்டர்பிரிட்டரில் ஓட்ட பைதன் அருமை. நாற்பது அந்நிய ஸ்கிரிப்டுக்கு இல்லை.

பேர்ல் மொழியைப் பற்றி நாலு வரி போதும். பல இன்டர்பிரிட்டர்கள் வேண்டுமென்றால் பேர்ல் மல்டிபிளிசிட்டி தேர்வோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் நடப்புச் சூழலை மாற்ற வேண்டும். மறந்தால் பிழைச்செய்தி வராது, வேறு தோட்டத்தின் மாறியில் எழுதும். ஏற்கெனவே பேர்லில் பெரிய சொத்து வைத்திருப்பவர் தவிர வேறு யாரும் புதிதாகத் தொடங்கக் காரணமில்லை.

## தனிப் புரோசஸ்

கிணற்றையும் பிரிக்கிற வழி இது. ஸ்கிரிப்டைத் தனிப் புரோசஸில் ஓட்டி, குழாய் வழியாகக் கேள்வியும் பதிலும். நேரம் கடந்தால் சிக்கில் என்ற கொல்லும் சிக்னல். அதை யாரும் பிடிக்க முடியாது. ஜிசி மெட்டாமுறை லூப், டிக்கிள் பேனிக், குவிக்ஜேஎஸ் அசேர்ட், உங்கள் சி ஃபங்ஷனில் இருக்கிற பொயின்டர் பிழை எல்லாம் அந்தப் பிள்ளையோடு முடியும். நினைவகத்துக்கு ஆர்லிமிட்_ஏஎஸ் எல்லையை இயங்குதளத்தின் கேர்னலே பார்த்துக்கொள்ளும்.

செலவு சில இடங்களில் ஒளிந்திருக்கிறது. ஆர்லிமிட்_சிபியு எல்லையை நேர எல்லைக்குப் பாவிக்கத் தோன்றும். அது பிறந்ததிலிருந்து சேர்ந்த சிபியு நேரம், முழுச் செக்கன்களில்; நாள்முழுக்க ஓடும் பிள்ளை ஒழுங்காக இருந்தாலும் ஒருநாள் கொல்லப்படும். 'போல்' என்ற காத்திருப்பு அழைப்பால் பதிலுக்குக் காத்திருந்து, நேரம் முடிந்தால் நீங்களே கொல்லுங்கள். லினக்ஸில் குழாயின் கொள்ளளவு சாதாரணமாக 64 கிலோபைட். இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே வாசிக்காமல் இருந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிள்ளை செத்த குழாயில் எழுதினால் சிக்பைப் என்ற சிக்னல் உங்களைக் கொல்லும். தொடக்கத்திலேயே அதைப் புறக்கணியுங்கள். எல்லாக் கோப்பு இலக்கங்களுக்கும் குளோஸ்-ஒன்-எக்ஸெக் (வேறு நிரல் ஏறும்போது தானே மூடும்) கொடி வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பிள்ளையின் குழாய் முனை மற்றப் பிள்ளையிடமும் இருந்து, செத்த செய்தியே உங்களுக்கு வராது. பல திரெட் ஓடும் நிரலில் ஃபோர்க் செய்தால் (புரோசஸைப் பிரதி எடுத்தால்), எக்ஸெக் வந்து வேறு நிரல் ஏறும்வரை மல்லொக் (நினைவகம் கேட்பது) கூடச் செய்யக்கூடாது. செத்த பிள்ளையின் முடிவை வாசிக்கிற வெயிட்பிட்டை மறந்தால் ஸோம்பிகள், அதாவது செத்தும் பட்டியலில் நிற்கிற புரோசஸ்கள், குவியும்.

## ஒரே பார்வையில்

| | லுவா | டிக்கிள் | குவிக்ஜேஎஸ் | பைதன் | தனிப் புரோசஸ் |
|---|---|---|---|---|---|
| பிரிவு | முழுமை, ஸ்டேட் வாரியாக | நல்லது, பாதுகாப்பு முறை உள்ளேயே | ரன்டைம் வாரியாக | அரைகுறை | கிணறும் வேறு |
| நினைவக எல்லை | உண்டு, நீங்கள் எழுத வேண்டும் | இல்லை | உண்டு, தயாராக | இல்லை | கேர்னல் பார்க்கும் |
| நேர எல்லை | ஹுக், ஓட்டைகள் அடைக்க வேண்டும் | உண்டு, பிடிக்க முடியாது | உண்டு, பிடிக்க முடியாது | நம்ப முடியாது | சிக்கில் |
| திரெட் மாற்றம் | பூட்டோடு முடியும் | முடியாது | ஒரு நேரத்தில் ஒரு திரெட் | சிக்கல் | கேள்வியே இல்லை |
| மூடும்போது ஆபத்து | ஜிசி மெட்டாமுறை | சோடி மறத்தல் | விடாத மதிப்பு | பிழை அச்சிடும்போது வெளியேறல் | ஸோம்பி, குழாய் |

## எந்த இடத்துக்கு எது

ஸ்கிரிப்ட் எல்லாம் உங்கள் கையால் எழுதியது, வெளியார் தொடமாட்டார்கள் என்றால் லுவா, ஒரே புரோசஸ், தோட்டத்துக்கு ஒரு ஸ்டேட். இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. ஒரே திரெட்டில் ஓடும் கட்டுப்பாட்டு நிரல், நினைவகம் தாராளம், வெளியார் ஸ்கிரிப்ட் என்றால் டிக்கிளின் பாதுகாப்பான இன்டர்பிரிட்டரைக் கட்டாயம் பாருங்கள். எழுதுகிறவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் மட்டுந்தான் தெரியும், சி பக்கத்தைக் கண்ணில் எண்ணெய் ஊற்றிப் பார்க்க ஆள் உண்டு என்றால் குவிக்ஜேஎஸ். பைதன்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் ஒற்றைக்காலில் நின்றால் தனிப் புரோசஸில் மட்டும்.

நமது நாற்பது தோட்டத்துக்கு இரண்டையும் கலக்கலாம். தாய் நிரலுக்குள் ஸ்கிரிப்ட் எதுவும் இல்லை. மோட்டரை அவளே போடுவாள், அவளே நிற்பாட்டுவாள். ஒரே ஒரு பிள்ளைப் புரோசஸுக்குள் நாற்பது லுவா ஸ்டேட்கள். சாதாரணப் பிழையை ஸ்டேட் எல்லையே பிடிக்கும். பிள்ளை 2 செக்கனுக்குள் பதில் சொல்லாவிட்டால் தாய் மோட்டர்களை நிற்பாட்டி, பிள்ளையைக் கொன்று, புதிதாகத் தொடங்குவாள். யார் வேலை ஓடும்போது அது செத்தது என்று தெரிய, தோட்டத்துக்கு ஒரு கேள்வியாகத் தனித்தனியே அனுப்ப வேண்டும். ஒரே தோட்டம் மூன்று தடவை கொன்றால் அதை ஒதுக்கிவைத்துவிட்டு மற்ற முப்பத்தொன்பதையும் ஓட்டலாம். நாற்பது புரோசஸ் வைப்பதை விட இது கையாள இலகு.

## எதைத் தெரிந்தாலும்

ஒவ்வொரு இன்டர்பிரிட்டரையும் உங்கள் சொந்த ஸ்ட்ரக்ட் ஒன்றுக்குள் வையுங்கள்: பொயின்டர், தோட்ட இலக்கம், எந்தத் திரெட்டுக்குச் சொந்தம், உள்ளே எத்தனை அழைப்பு ஆழம், முடிவு நேரம், "மூட வேண்டும்" கொடி. ஸ்கிரிப்ட் கூப்பிட்ட சி ஃபங்ஷனுக்குள் நின்றுகொண்டு அதே இன்டர்பிரிட்டரை மூடுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கிற பிழை; நிற்கிற கொப்பை வெட்டுகிற வேலை. அங்கே கொடியை மட்டும் போடுங்கள். ஆழம் பூச்சியத்துக்கு வந்ததும் வெளி லூப் மூடட்டும்.

ஸ்கிரிப்டுக்குப் பொயின்டர் கொடுக்கக்கூடாது. இலக்கம் கொடுங்கள்: அட்டவணை இடம், அதோடு தலைமுறை எண். தோட்டம் 7 மூடி மறுபடி திறந்தால் தலைமுறை ஒன்று கூடும். பழைய இலக்கத்தோடு வருகிற டைமர் அழைப்பு பொருந்தாமல் பேசாமல் விழும். மூடுமுன் அந்த இன்டர்பிரிட்டரின் டைமர்களையும் கோல்பேக்குகளையும் கழற்றிவிட்டுத்தான் மூட வேண்டும்.

களத்தில் இறக்குமுன் இந்தக் கெட்ட ஸ்கிரிப்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பாருங்கள்: வெறும் லூப், பிழையைப் பிடித்துத் திரும்பவும் லூப், முடிவில்லாமல் வளரும் அட்டவணை, ஆழமான தன்னழைப்பு, வெளியேறும் கட்டளை, தன்னையே மூடச் சொல்வது, சாகும்போது லூப். ஒவ்வொன்றுக்கும் மற்ற முப்பத்தொன்பது தோட்டமும் நேரத்துக்குப் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு தோட்டத்தை 10,000 முறை திறந்து மூடி, நினைவகம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, தாய் நிரலும் தூங்கலாம். றாஸ்பெரி பையில் இருக்கிற வன்பொருள் வோச்டோக்கை (நேரத்துக்குத் தட்டாவிட்டால் பலகையை மறுபடி எழுப்புகிற டைமரை) இயக்குங்கள். அதிகபட்சம் ஏறத்தாழ 15 செக்கன் கொடுக்கலாம். அதற்குத் தனித் திரெட் வைத்துத் தட்டவேண்டாம்: பிரதான லூப் செத்தாலும் அந்தத் திரெட் தட்டிக்கொண்டே இருக்கும். சுற்று முழுதாக முடிந்த இடத்தில் ஒரு தட்டு. தோட்டத்துப் பெட்டியில் மோட்டர் கொன்டாக்டரை இழுக்கிற ரிலேயை நோர்மலி ஓபன் (இழுக்காதபோது திறந்தே இருக்கும்) முனையில் கட்டுங்கள். செய்தி வராவிட்டால் தானே விடுகிற டைமரும் அந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும். மலிவான ரிலேப் பலகைகளில் பல, சிக்னல் தாழ்ந்தால் இழுக்கிற வகை. பலகை மறுபடி எழும்புகிற செக்கன்களில் அந்த முனை எந்த நிலையில் நிற்கிறது என்பதை, மோட்டரை இணைக்குமுன் மீற்றர் வைத்துப் பாருங்கள்.